ஹெலிகாப்டர் எப்படிச் செய்கிறார்கள்? சேலத்துப் பட்டறைக்கு அதில் இடம் இருக்கிறதா?

சூரமங்கலம் பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். சூரமங்கலம் பக்கம் கணினி மெஷினில் உலோகம் கடையும் சிஎன்சி பட்டறை ஒன்றைச் சின்னதாக நடத்துகிறேன், பெரும்பாலும் ஓசூர் வண்டிக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு நம் சேலத்தையும் சேர்த்திருக்கிறார்கள் என்று பல வருடமாகப் பேச்சு ஓடுகிறது. 2025 மார்ச்சில் பிரசண்ட் என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் 156-க்கு எச்ஏஎல் என்ற அரசு விமானக் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டார்கள், 62,700 கோடி, ராணுவத்துக்கு 90, விமானப்படைக்கு 66. இதில் 250-க்கு மேற்பட்ட உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை வரும், அவற்றில் பெரும்பாலானவை சிறு குறு தொழில்கள் என்று அரசே சொன்னது. அதைப் படித்ததில் இருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

ஆனால் ஹெலிகாப்டரை எப்படிச் செய்கிறார்கள், எதைத் தாங்களே செய்கிறார்கள், எதை வெளியே கொடுக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாமல் யாரிடம் போய் என்ன கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். மேலோட்டமாக வேண்டாம்.

நாகலூர் ஃபிட்டர்

தம்பி, நான் பெங்களூரில் ஹெலிகாப்டர் அசெம்பிளி ஹேங்கரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது ஏற்காட்டுக்கு மேலே நாகலூரில் காப்பிச் செடிகளோடு இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் உடம்பு. ஹெலிகாப்டர் உடம்பை ஒரே ஆலையில் ஒரே மூச்சில் செய்வதில்லை. கேபின், வால், அடித்தளம் என்று துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் அதற்கென்று உள்ள ஜிக்கில் உருவாகும். ஜிக் என்பது கனமான எஃகுச் சட்டம், தரையோடு அசையாமல் பிடித்து வைத்திருப்பார்கள். அதில் ஃப்ரேம்களை நிறுத்தி, நீளவாட்டுக் கம்பிகளைக் கோர்த்து, மேலே அலுமினியத் தகடு போர்த்தி, துளை போட்டு, பிசிறு எடுத்து, ரிவெட் அடிப்பது. அந்தத் துண்டுகள் வேறு வேறு ஊரில் இருந்தும் வரலாம். அப்பாச்சி என்ற அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டரின் ஃபியூஸ்லாஜ், அதாவது உடம்பு, ஹைதராபாத்தில் டாடா-போயிங் கூட்டு ஆலையில் உருவாகி அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து மெசாவுக்குப் போகிறது, முழு ஹெலிகாப்டர் ஆவது அங்கேதான். இரண்டு கண்டங்களில் செய்த துண்டுகள் ஒன்றோடொன்று துளைக்குத் துளை சேர வேண்டும் என்றால் இரு பக்கமும் ஜிக் ஒரே அளவுக் கணக்கில் இருந்தாக வேண்டும். அதனால் ஜிக்கையும் அவ்வப்போது லேசர் டிராக்கர் வைத்து அளந்து பார்ப்பார்கள்.

அப்புறம் உடம்பு ஜிக்கில் இருந்து இறங்கி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகரும். ஒயரிங், ஹைட்ராலிக் குழாய், எரிபொருள் டாங்கி, கன்ட்ரோல் ராடுகள், கியர் பாக்ஸ், இன்ஜின், வாலில் சுற்றும் விசிறியான வால் ரோட்டார், கடைசியில் மேலே பிளேடுகள். ஒயரிங்கை ஹெலிகாப்டருக்கு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராக இழுப்பதில்லை. முழு அளவு வரைபடம் ஒட்டிய பலகையில் ஆணி அடித்து, ஒயர்களை வளைவு வளைவாக ஓட்டி, கட்டி, நுனியில் கனெக்டர் போட்டு, மின்சாரம் விட்டுச் சோதித்த பிறகு ஒரே கொத்தாகக் கொண்டு போய் உள்ளே படுக்க வைப்பார்கள். அம்மாபேட்டையில் தறிக்குப் பாவு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலகை அந்நியமாகவே இருக்காது.

லாக் வயர் பற்றியும் சொல்ல வேண்டும். போல்ட்டை டார்க் ரெஞ்சில் சரியான அளவுக்கு இறுக்கியாயிற்று, அதோடு விடுவதில்லை. போல்ட் தலையில் இருக்கும் பொடித் துளையில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியை நுழைத்து, முறுக்கி, பக்கத்துப் போல்ட்டோடு கட்டுவோம். முறுக்கு ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 வரை. குறைந்தால் தளர்ந்து விடும், கூடினால் கம்பியே நைந்து அறும். கட்டும் திசை ரொம்ப முக்கியம். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கம் இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டாமல் விட்டதற்குச் சமம். புதிதாகச் சேரும் பையன்கள் மாதக் கணக்கில் வெறும் பலகையில் இதையே கட்டிக் கட்டிப் பழகுவார்கள். வேலை முடிந்ததும் ஃபிட்டர் கையெழுத்து, அதன் மேல் இன்ஸ்பெக்டர் முத்திரை. ஷிஃப்ட் முடியும்போது கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானரும் அதனதன் நிழல் வரைந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும் வரை அந்த ஹெலிகாப்டர் நகராது.

ஆனால் உங்கள் கேள்விக்கு உடம்பு பாதி பதில்தான். ஹெலிகாப்டரின் உயிர் சுற்றும் பாகங்களில் இருக்கிறது. கியர் ஆட்கள் யாராவது இருந்தால் அதைச் சொல்லட்டும், மீதியை நான் பிறகு எழுதுகிறேன்.

ஓமலூர்க்காரன்

நல்ல தகவல் ஐயா. ஒரு சந்தேகம். 2021-ல் குன்னூரில் ஹெலிகாப்டர் விழுந்ததே, அதெல்லாம் தயாரிப்புக் கோளாறுதானே? ஹெலிகாப்டர் என்றாலே ஆபத்து என்றுதான் எங்கள் வீட்டில் பேசுகிறார்கள்.

நாகலூர் ஃபிட்டர்

இல்லை தம்பி. குன்னூரில் 2021 டிசம்பர் 8 அன்று விழுந்தது ரஷ்யாவில் கசானில் செய்த மி-17 வி5. எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் பைலட்டுக்குத் திசை உணர்வு தப்பி மலையில் மோதியது என்றுதான் விமானப்படை விசாரணை சொன்னது, இயந்திரக் கோளாறு இல்லை என்றும் சொன்னது. ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் மேகம் இறங்கி எதிரே வரும் பஸ் தெரியாமல் போகும்.

ஆனால் பாகம் உடைந்து விழுவதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் த்ருவ், எச்ஏஎல் செய்த ஹெலிகாப்டர், விழுந்து மூன்று பேர் இறந்தார்கள், ஸ்வாஷ்பிளேட்டில் முறிவு கண்டுபிடித்தார்கள், முந்நூற்றுக்கு மேற்பட்ட த்ருவ்களைத் தரையிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஸ்வாஷ்பிளேட் என்பது மேலே சுற்றும் பெரிய விசிறியை, அதாவது ரோட்டாரை, சுமக்கும் மாஸ்ட் என்ற தண்டைச் சுற்றி இருக்கும் இரண்டு வளையங்கள், கீழ் வளையம் சுற்றாது, மேல் வளையம் ரோட்டாரோடு சுற்றும். பைலட் கையில் ஸ்டிக்கை அசைத்தால் அந்த அசைவு இந்த வளையங்கள் வழியாகத்தான் பிளேடுக்குப் போகும். அது போனால் பைலட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் வேலை பார்த்த வகை ஹெலிகாப்டர் அது, எழுதும்போதே மனசு கனக்கிறது.

கியர்கார அண்ணன்

சொந்த ஊர் தாரமங்கலம், இப்போது கோவையில் கியர் கிரைண்டிங். ஐயா கூப்பிட்டதால் வந்தேன்.

டர்பைன் இன்ஜின் அசுர வேகத்தில் சுற்றும், ரோட்டாரோ நிதானமாகச் சுற்ற வேண்டும். பெல் 206 என்ற பழைய சின்ன ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஜினில் இருந்து வெளியே வரும் தண்டு நிமிடத்துக்கு 6,000 சுற்று, மேலே ரோட்டார் 394. இதைக் குறைத்து, படுத்துச் சுற்றுவதை நிமிர்த்திச் சுற்ற வைப்பது மெயின் கியர் பாக்ஸ். ஸ்பைரல் பெவல் கியர் திசையைத் திருப்பும், பிளானட்டரி கியர் வேகத்தைக் குறைக்கும்.

இந்தக் கியருக்கு எஃகே வேறு. வெற்றிடத்தில் மறுபடி உருக்கிய எஃகு, உள்ளே பொடி அழுக்கு கூட இருக்கக் கூடாது என்பதற்காக. பல் வெட்டி, மேற்பரப்பில் கார்பன் ஏற்றும் கார்புரைசிங் செய்து, சூட்டோடு சட்டென்று குளிர்விக்கும் குவெஞ்ச் செய்து, பிறகுதான் கிரைண்டிங். கிரைண்டிங்கில் ஒரு நொடி சூடு ஏறினால் பல்லின் மேற்பரப்பு கருகும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கியரையும் நைட்ரிக் அமிலக் கரைசலில் முக்கிப் பார்ப்பார்கள், கருகின இடம் மட்டும் நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கும். அடுத்து பொடிக் குண்டுகளை வீசி மேற்பரப்பை உறுதியாக்கும் ஷாட் பீனிங், அடுத்து காந்தப் பொடி போட்டு விரிசல் பார்ப்பது. நல்ல கியர் என்று நாம் நினைப்பதை அவர்கள் இத்தனையும் முடிந்த பிறகுதான் கியர் என்றே ஒத்துக்கொள்வார்கள்.

2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் எச்225 வகை ஹெலிகாப்டர் ஒன்று பறந்துகொண்டிருக்கும்போதே மெயின் ரோட்டார் மொத்தமாகக் கழன்று போய் 13 பேர் இறந்தார்கள். காரணம் ஒரே ஒரு பிளானட் கியர். அதன் உட்பக்க பேரிங் பாதையில் ஒரு சின்னக் குழி, அங்கே தொடங்கிய விரிசல் உலோகத்துக்கு உள்ளேயே வளர்ந்திருக்கிறது, எண்ணெயில் உலோகத் துகள் வந்தால் எச்சரிக்க வேண்டிய டிடெக்டரும் நேரத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கியர் பாக்ஸ் அதற்கு முந்தைய வருடம் ஆஸ்திரேலியாவில் லாரியில் போகும்போது விபத்தில் சிக்கி, பழுது பார்த்துத் திரும்பி வந்தது என்பதும் ஆவணத்தில் இருந்தது. அதுதான் காரணம் என்று அறிக்கை முடிவாகச் சொல்லவில்லை, ஆனால் ஒரு கியர் பாக்ஸ் எந்த ரோட்டில் எப்போது குலுங்கியது என்பது வரை பதிவு இருந்ததே, அதை யோசித்துப் பாருங்கள்.

சூரமங்கலம் அண்ணா, கியர், மாஸ்ட், பிளேடுகளைப் பூட்டும் ரோட்டார் ஹப் பக்கம் இப்போதைக்கு நினைக்காதீர்கள். அதற்கு முதலீடும் வருடங்களும் வேறு கணக்கு.

ஆத்தூர் கார்பன்

பிளேடு பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். ஹைதராபாத்தில் கம்போசிட் லே-அப் வேலை, அதாவது பிசின் தடவிய இழைத் துணியை அச்சில் அடுக்குவது.

இப்போது பெரும்பாலான பிளேடு உலோகம் இல்லை, கண்ணாடி இழை, கார்பன் இழை. பிசின் தடவிய துணி சுருள் சுருளாக வரும், மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த துணி மேல் காற்றின் ஈரம் படிந்து பின்னால் உள்ளே குமிழியாகும். ஃப்ரீசருக்கு வெளியே எத்தனை மணி நேரம் இருந்தது என்று ஒவ்வொரு சுருளுக்கும் கணக்கு உண்டு, கூட்டி வைத்துக்கொண்டே வர வேண்டும், எல்லை தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான், விலை எவ்வளவாக இருந்தாலும்.

துணியை அச்சில் அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும். உரித்து, மேசை ஓரத்தில் அடுக்கி, எண்ணி எழுதுவோம். அடுக்கின் எண்ணிக்கையும் தாளின் எண்ணிக்கையும் ஒத்துப் போகவில்லை என்றால் ஒரு தாள் உள்ளே மாட்டியிருக்கிறது என்று பொருள். அந்த இடம் ஒட்டாமலே வெந்து வரும். முதல் வருடம் என் சூப்பர்வைசர் எதையும் கேட்க மாட்டார், நேராக வந்து தாளைத்தான் எண்ணுவார். பிறகு வெற்றிடப் பை போட்டு, ஆட்டோக்ளேவ் என்ற மூடிய சூளையில் அழுத்தத்தோடு வேகவைத்து, வெளியே எடுத்து அல்ட்ராசோனிக் ஒலியால் உள்ளே சோதிப்பார்கள்.

அப்புறம் பேலன்சிங். பிளேடு எல்லாம் ஒன்று போல இருக்க வேண்டும் என்று சும்மா சொல்வார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் ஏன் என்று விளங்கும். த்ருவின் ரோட்டார் விட்டம் 13.2 மீட்டர், நிமிடத்துக்கு 314 சுற்று. நுனியில் வெறும் 10 கிராம் எடை வித்தியாசம் இருந்தால் அது சுமார் 7 கிலோ விசையோடு வெளியே இழுக்கும், சுற்றுக்கு ஒரு முறை, நொடிக்கு ஐந்து முறை, பறக்கும் வரை. அதனால் நுனியில் எடைத் தகடுகளைச் சேர்த்து, எடுத்து, ஒரு மாஸ்டர் பிளேடோடு ஒப்பிட்டு, பிறகு சோதனைக் கோபுரத்தில் ஏற்றிச் சுற்ற விட்டு, கடைசியில் ஹெலிகாப்டரிலேயே பூட்டித் தரையிலும் ஆகாயத்திலும் எல்லா நுனியும் ஒரே தடத்தில் போகிறதா என்று பார்ப்பார்கள்.

அம்மாபேட்டை மாணவி

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். ரெண்டு கேள்வி. கியர் பாக்ஸ் ஹவுசிங் மெக்னீசியத்தில் வார்ப்பார்கள் என்று படித்தேன், நம் ஊர் மேக்னசைட் கனிமம் அதற்குப் போகுமா? ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் ஹெலிகாப்டரும் ஒரே ஆலையில் செய்வார்களா?

நாகலூர் ஃபிட்டர்

நல்ல கேள்வி கண்ணு. ஹவுசிங் மெக்னீசியக் கலவையில் வார்ப்பது உண்மைதான், எடை குறையும் என்பதற்காக. ஆனால் நம் சுண்ணாம்புக் கரட்டில் எடுக்கும் மேக்னசைட்டைச் சூளையில் சுட்டு உலைச் செங்கலுக்குத்தான் முக்கியமாக அனுப்புகிறார்கள், அதை உலோகமாகப் பிரிப்பது வேறு தொழில். சேர்வராயன் மலை பாக்சைட்டும் அப்படித்தான், ஒரு காலத்தில் இங்கிருந்து லாரி லாரியாக மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குப் போய் அலுமினியம் ஆனது. ஆனால் விமானத் தகடு என்பது தாமிரமோ துத்தநாகமோ கலந்து, உருட்டி, பதப்படுத்தி, ஒவ்வொரு தகட்டுக்கும் சான்றோடு வருவது. மண் நம்முடையதாக இருந்தால் போதாது, நடுவில் இருக்கும் ஆலைகள் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, பெரும்பாலும் அடித்தளம் ஒன்றுதான். த்ருவையே ராணுவமும் வாங்குகிறது, பயணிகள் வகையும் உண்டு. ஏர்பஸ்ஸின் எச்145 ஹெலிகாப்டருக்கு ராணுவ வகை எச்145எம். பிரசண்டை எடுத்துக்கொள், த்ருவின் அதே சக்தி இன்ஜின், அதே ரோட்டார், அதே கியர் பாக்ஸ், உடம்பு மட்டும் ஒடுக்கமாக, பைலட் இருவரும் முன்னும் பின்னுமாக. ராணுவத்துக்குக் கவசம், குண்டு துளைத்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் டாங்கி, ஏவுகணையை ஏமாற்றும் கருவிகள், இரவில் பார்க்கும் கண்ணாடிக்கு ஏற்ற காக்பிட் விளக்கு எல்லாம் சேரும். பயணிகள் வகையில் பிரைமர் நிறத்தோடு வெளியே வந்து, வேறு ஹேங்கரில் இருக்கை, ஆம்புலன்ஸ் படுக்கை, பெயின்ட் என்று வாங்குபவர் விருப்பப்படி முடிப்பார்கள். சான்று கொடுக்கும் இடமும் வேறு, பயணிகள் வகைக்கு டிஜிசிஏ என்ற சிவில் விமான இயக்குநரகம், படைக்குப் பாதுகாப்புத் துறையின் இரண்டு அமைப்புகள், செமிலாக் வடிவமைப்பைப் பார்க்கும், டிஜிஏக்யூஏ தரத்தைப் பார்க்கும்.

காலம் எவ்வளவு பிடிக்கும் என்றும் தெரிந்துகொள். த்ருவுக்கு ஜெர்மனியின் எம்பிபி கம்பெனியோடு ஒப்பந்தம் 1984-ல், முதல் பறப்பு 1992 ஆகஸ்ட் 20, படையில் சேர்ந்தது 2002.

ஓமலூர்க்காரன்

எல்லாமே டர்பைன், கார்பன்தானா? எளிமையான ஹெலிகாப்டரே கிடையாதா?

கியர்கார அண்ணன்

இருக்கிறது தம்பி. அமெரிக்காவில் டாரன்ஸ் என்ற ஊரில் ராபின்சன் ஆர்44 செய்கிறார்கள். பிஸ்டன் இன்ஜின், அதில் இருந்து மேல் தண்டுக்கு வி-பெல்ட்! நம் பட்டறையில் கம்ப்ரஸரை ஓட்டும் அதே தத்துவம். ஆனால் அந்த பெல்ட்டுக்கும் தனிப் பதிவு, தனி ஆயுள். எளிமை வடிவத்தில்தான், கண்டிப்பில் இல்லை.

சூரமங்கலம் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்று புரிகிறது, என்னால் மெஷினில் 10 மைக்ரானுக்குள் பிடிக்க முடிகிறது, ஆனால் அது மட்டும் நுழைவுச்சீட்டு இல்லை. அப்படியானால் என் போன்ற பட்டறைக்கு வருவது எந்த வேலை? அதை வாங்க முதலில் என்ன செய்ய வேண்டும்? நேராகச் சொல்லுங்கள் ஐயா, கஷ்டமான பதிலாக இருந்தாலும் சரி.

நாகலூர் ஃபிட்டர்

நேராகவே சொல்கிறேன். உங்களிடம் வரக்கூடியது பிராக்கெட், புஷ், ஸ்பேசர், குழாய் கிளாம்ப், பேனல் ஃபிட்டிங், அப்புறம் ஜிக், ஃபிக்சர், ஹேங்கரில் ஹெலிகாப்டரைத் தூக்க, தள்ள, நிறுத்த உதவும் தரைக் கருவிகள். எச்ஏஎல்-இன் தும்கூர் ஹெலிகாப்டர் ஆலையை 2023 பிப்ரவரி 6 அன்று திறந்தார்கள், 615 ஏக்கர். பிரசண்ட் வேலை பெங்களூரிலும் அங்கேயும் நடக்கும். டாடாவும் ஏர்பஸ்ஸும் சேர்ந்து எச்125 என்ற சின்ன ஹெலிகாப்டருக்குக் கோலார் பக்கம் வேமகலில் அசெம்பிளி லைன் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சேலத்தில் இருந்து லாரி ஓர் இரவில் போய்ச் சேரும் தூரம். ஹேங்கர் ஒன்று ஓட ஆரம்பித்தால் ஸ்டாண்டும் டிராலியும் ஃபிக்சரும் கேட்டுக்கொண்டே இருக்கும், அவை பறக்காத பொருள் என்பதால் சான்றுத் தொல்லை குறைவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கே நுழைவேன்.

பறக்கும் பாகம் வேண்டும் என்றால் விமானத் தொழிலுக்கான ஏஎஸ் 9100 தரச் சான்று வேண்டும். அதைக் கன்சல்டன்ட் கையில் கொடுத்து ஃபைல் மட்டும் தயார் செய்து வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முதல் ஆடிட்டிலேயே தெரிந்துவிடும். ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், விரிசல் சோதனை எல்லாவற்றையும் நீங்களே செய்யக் கூடாது, அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், எங்கே அனுப்புவது என்பதையும் வாங்குபவர்தான் சொல்வார். முதல் பாகம் செய்ததும் வரைபடத்தில் இருக்கும் ஒவ்வோர் அளவுக்கும் எண் போட்டு, அளந்து, எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்று விடாமல். சிஎம்எம் என்ற அளவெடுக்கும் மெஷின் இல்லாமல் இது நடக்காது, வாடகைக்கு அளந்து தருபவர் ஓசூரில் கிடைப்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நாளைக்குப் பட்டறைக்குப் போனதும் ரேக்கில் இருக்கும் ராடுகளைப் பாருங்கள். எந்த ராடு எந்த ஆலையில் எந்த உருக்கில் வந்தது என்ற ஹீட் நம்பர் அதன் மேல் இருக்கிறதா? பாதியை அறுத்து எடுத்த பிறகு மீதித் துண்டிலும் அந்த எண் இருக்கிறதா? எண் எப்போதும் ஒரு நுனியில்தான் குத்தியிருக்கும், நம் பையன்கள் அந்த நுனியைத்தான் முதலில் அறுப்பார்கள். விமான வேலையில் எண் போன துண்டு இரும்புக் கடைக்குத்தான், எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும். எத்தனையோ பட்டறையில் இருந்து வந்த பாகம் அளவில் துல்லியமாக இருந்தும் எந்த உருக்கில் வந்தது என்று சொல்ல முடியாததால் மொத்த லாட்டும் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். கொண்டு வந்த மனிதர் கேட்டில் நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, அது உங்களுக்கு வரக் கூடாது.

சூரமங்கலம் பட்டறை

புரிந்தது ஐயா. ஓசூர் வேலைக்கு இதுவரை டெஸ்ட் சர்டிஃபிகேட் வாங்கி ஃபைலில் வைப்போம், துண்டில் எண் எழுதுவது இல்லை. இந்த வாரமே எண் குத்தும் பஞ்ச் கருவியும் ஒரு ரெஜிஸ்டரும் வாங்குகிறேன், அறுக்கும் முன் மீதித் துண்டில் எண் குத்தியாக வேண்டும் என்று விதி போடுகிறேன். முதலில் ஃபிக்சர், டிராலி பக்கம் கேட்டுப் பார்க்கிறேன். ஏற்காடு வந்தால் உங்களைப் பார்க்கலாமா?

நாகலூர் ஃபிட்டர்

தாராளமாக வாங்க தம்பி. அந்த அம்மாபேட்டைப் பெண்ணுக்கும் சொல்லுங்கள், லாக் வயர் கட்டிப் பழக ஒரு பலகையும் பிளையரும் இங்கே சும்மா கிடக்கிறது.

அம்மாபேட்டை மாணவி

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வருகிறேன் ஐயா. கம்பி எந்த அளவில் வாங்கி வர வேண்டும்?

நாகலூர் ஃபிட்டர்

0.8 மில்லிமீட்டர், ஸ்டெயின்லெஸ். ஒரு சுருள் போதும்.